கதவு கான்டாக்டும் கம்ப்யூட்டர் அண்ணனும்

லிஃப்ட் மெக்கானிக்குகளின் மின்னஞ்சல் குழுவில் அவரை எல்லோரும் கம்ப்யூட்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் தெரிந்ததால் வந்த பெயர் இல்லை அது. பதினெட்டு வருஷத்தில் குழுவுக்கு வந்த நாற்பத்தோராயிரம் மடல்களில் எதைக் கேட்டாலும், எழுதிய ஆள், மாதம் உட்பட நுனிநாக்கில் வைத்திருப்பார். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே? தயாரித்த கம்பெனியே மூடிப்போன பழைய லிஃப்டுகளுக்கு அவரை விட்டால் வேறு கையேடு ஏது?

குழுவை நடத்துவதும் அவர்தான். பகலில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் நான்கு லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வார். கை ஒழிந்த நேரத்தில் அடித்தளத்து அறையில், எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக் குப்பை மடல்களைக் கழிப்பார். வந்த மடல்கள் எல்லாம் இணையத்தில் ஒரு காப்பகத்தில் சேர்ந்துகொண்டே போகும். அங்கே தேடல் பெட்டி ஒன்றும் இருந்தது, பேருக்கு. பதிலுக்குப் பதிலாய் நீளும் ஒரு பேச்சின் முதல் மடலுக்கு வைத்த தலைப்பைத் தாண்டி அது எதையும் பார்க்காது. நம் ஆட்கள் வைக்கும் தலைப்போ "அவசரம்", "மறுபடியும் அதே". போதாக்குறைக்கு, குழுவின் முகவரி ஒருத்தருக்கும் நினைவிருக்காது. கையில் கிடைத்த பழைய மடல் ஒன்றைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி, தலைப்பை அழித்துவிட்டுப் புது விஷயத்தை எழுதி அனுப்பிவிடுவார்கள். குழுவை ஓட்டும் மென்பொருளுக்கு என்ன தெரியும்? அதைப் பழைய பேச்சின் வாலிலேயே கொண்டுபோய்க் கட்டிவிடும்.

அந்த மென்பொருளை எழுதும் தன்னார்வலர்கள் நல்ல தேடல் வசதி ஒன்றை வெளியிட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் அதைச் சீண்டவே இல்லை. "ஆள் நான் இருக்கேன், பெட்டி எதுக்கு?" என்பார்.

ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் பெண் மெக்கானிக் போன் செய்தாள்.

"அண்ணா, கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிடுச்சு."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல. தரை துடைக்கிற அம்மா வாளியை மட்டும்தான் உள்ள வச்சிருந்தாங்க. வாளி மேல போயிடுச்சு, அவங்க வாசல்லயே நின்னுட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்க சொன்ன மாதிரிதான் கதவு கான்டாக்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இப்ப ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

கதவு மூடியதும் முனைகள் தொட்டுக்கொண்டு, லிஃப்ட் கிளம்பலாம் என்று சொல்லும் சுவிட்ச் அது.

"தேய்ச்சா ஒட்டாதும்மா. நீ வேற ஏதாவது செஞ்சிருப்ப."

"சரிண்ணா" என்று வைத்துவிட்டாள். அந்த "சரிண்ணா" அவருக்கு முள்ளாய்க் குத்தியது. தேடல் பெட்டியில் கதவு கான்டாக்ட் என்று தட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, அன்று ராத்திரி நடந்ததைச் சொல்லிவிட்டுத் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தவரைப் பார்த்தாள். "சொன்னது சரிதான்னா சாப்பாடு ஏன் இறங்கல?"

"பதினெட்டு வருஷமா நான் சொன்னதுல ஒரு தப்பு வந்ததில்ல."

"வந்துச்சா இல்லையான்னு எங்க போய்ப் பாக்கிறது? எல்லாம் போன்ல சொன்னதுதானே."

வெள்ளிக்கிழமை லீவு போட்டார்.

மடல்கள் அத்தனையையும் நகலெடுத்து, அந்த நகலில்தான் கை வைத்தார். இத்தனை நாள் சீண்டாத அந்தத் தேடல் வசதியைப் போட்டு, உள்ளே எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லையும் அது பார்க்கும்படி செய்தார். தலைப்பு மாறியிருந்தால் அந்த மடலைத் தனிப் பேச்சாகப் பிரிக்கச் சொன்னார். முதல் ஓட்டத்தில் எல்லாம் தலைகீழாய்ப் போனது. தலைப்புக்கு முன்னால் தானாக ஒட்டிக்கொள்ளும் "பதில்:" என்ற சொல்லையே மாற்றமாக எடுத்துக்கொண்டு, கேள்வி ஒரு பக்கம் பதில் ஒரு பக்கமாக எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டது. அதைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லி மறுபடி ஓட்டினார். ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்து, பழைய காப்பகத்தின் இடத்தில் அதை ஏற்றினார்.

கதவு கான்டாக்ட் என்று தட்டினார். நாற்பது சொச்சம் மடல்கள் வந்தன. அதில் ஒன்று ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. "ஆண்டுக் கூட்டத்துக்கு எத்தனை பேர் சாப்பாடு?" என்ற பேச்சின் அடியில் பதினாலாவது மடலாகக் கிடந்திருக்கிறது. எழுதியவர் ஒரு ஆலை மெக்கானிக். "கதவு கான்டாக்டைத் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விடும். பிறகு முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் மூடியிருப்பதாகவே நினைக்கும். புதிதாக மாற்றுவது ஒன்றே வழி."

அதற்குக் கீழே ஒரு வரிப் பதில் இருந்தது. "நன்றி. இனி யார் கேட்டாலும் மாற்றத்தான் சொல்வேன்."

அனுப்பியவர், கம்ப்யூட்டர் அண்ணன்.

மூன்று தடவை படித்தார். எழுதிய நினைவு துளிக்கூட இல்லை. முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"தப்பு என்னோடதும்மா."

"அன்னிக்கே புதுசு மாத்திட்டேன்ணா. கழட்டிப் பாத்ததுமே புரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் எப்படிண்ணா..."

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. இன்னும் எத்தனை பேருக்குப் போனில் தேய்க்கச் சொல்லியிருப்பார்? அதை எந்தத் தேடலும் எடுத்துத் தராது. குழுவுக்கே எழுத உட்கார்ந்தார். பழக்க தோஷம், அவர் கையும் ஏதோ ஒரு பழைய மடலைத் திறந்து பதில் பொத்தானைத்தான் அழுத்தியது. "என் பேச்சைக் கேட்டுக் கதவு கான்டாக்டைத் தேய்த்தவர்கள் உடனே லிஃப்டை நிறுத்துங்கள்" என்று தலைப்பை மாற்றி அனுப்பினார். புதிய காப்பகம் அதைப் பிரித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் "எனக்கும் சொன்னீங்க" என்று பத்தொன்பது பதில்கள் வந்துவிட்டன. ஒன்று, பள்ளிக்கூட லிஃப்டைப் பார்ப்பவரிடமிருந்து. நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார்.

படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. "அண்ணே, பிரேக்ல ஒரு சின்ன சந்தேகம்."

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். "குழுவுக்கு எழுதுங்க தம்பி. தேடிப் பாத்துட்டு அங்கயே பதில் போடுறேன்."

"உங்களுக்குத் தெரியாததா அண்ணே?"

"தெரியும் தம்பி. அதான் பயமா இருக்கு."