இரண்டு வண்டிகள் வந்த ஞாயிற்றுக்கிழமை

கண்ணுகளா,

போன வாரம் ஓசூர் மேம்பாலத்துக்கு அடியில் நாம் நால்வரும் பைக்கோடு மாட்டிக்கொண்டு நின்றோமே, அப்போது பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த லாரியும் நகரவில்லை, பக்கத்தில் இருந்த கம்பெனி பஸ்ஸும் நகரவில்லை. பெரியவளே, நீ டேங்க் மேல் உட்கார்ந்தபடி திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, அதுக்கு ஏன் யாரும் வழி வுட மாட்றாங்க?" என்று கேட்டாய். சின்னவன் அந்தச் சத்தத்தைப் பாட்டு மாதிரி பாடிக் காட்டினான். நான் அவன் மேல் எரிந்து விழுந்தேன். உங்கள் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவன் பாடியதில் தப்பு ஒன்றும் இல்லை. அவனைவிடக் கொஞ்சம் பெரியவனாக இருந்தபோது எனக்கும் அந்தச் சத்தம் திருவிழாச் சத்தம் மாதிரிதான் கேட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஐ.டி.ஐ. வரைக்கும் படித்தவன், எனக்குப் பெரிய எழுத்தெல்லாம் வராது. நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு படியுங்கள்.

நம்முடைய ஊர் ஜூஜுவாடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நம் கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டினால் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகா. மண் ஒன்றுதான், பயிரும் ஒன்றுதான், காக்காய்கூட இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கத்தும். நம் பக்கத்துத் தார் ரோடு ஓடைக் கரை வரைக்கும் வந்து நின்றுவிடும். அந்தப் பக்கத்து ரோடும் அப்படியே எதிர்க்கரை வரைக்கும் வந்து நிற்கும். நடுவில் ஒரு தரைப்பாலம் போட வேண்டும். தேர்தல் வரும்போதெல்லாம் இரண்டு பக்கத்திலும் போடுகிறோம் என்றார்கள். நடுவில் இருக்கும் துண்டு யாருடையது என்று மட்டும் முடிவாகவில்லை. ஊர்க்காரர்களே கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். பைக் போகும், பால்கேன் வைத்த சைக்கிள் போகும், நாலு சக்கரம் போகாது.

எங்கள் ஊருக்குள் செல்போன் வந்த புதிது அது. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கர்நாடகா டவர்தான் கிடைக்கும், பேசினால் ரோமிங் என்று காசு பிடித்துவிடுவார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் அதன் ஏணிப்படியில் நின்றால்தான் நம் டவர் கிடைக்கும். அதனால் போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் எப்போதும் தொட்டியடியில்தான் நிற்பார்கள். கல்யாணப் பேச்சு, கடன் பேச்சு, கள்ளப் பேச்சு எல்லாம் அங்கேதான். வெளியூர்க்காரன் பார்த்தால் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்துக்கொள்வான்.

என் அத்தையை, அதாவது என் அப்பாவின் தங்கையை, ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் கொல்லையில் நின்று பார்த்தால் அவள் புகுந்த வீட்டுத் தென்னை தெரியும். ஆனாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும், அது முறை. அத்தைக்கு அம்மா அப்பா இல்லை என்பதால் எங்கள் வீடுதான் தாய்வீடு. ஏழாம் மாதம் வளையல் போட்டு, என் அம்மா அவளை அழைத்து வந்தாள். ஓடையைத் தாண்டி வந்ததில் அத்தை ஒரு மாநிலத்தையே தாண்டி வந்துவிட்டாள் என்று அன்றைக்கு எங்களில் யாரும் நினைக்கவில்லை.

அத்தை இருந்தால் வீடு சிரித்துக்கொண்டே இருக்கும். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாள். எப்போதும் "மருமகனே"தான். "மருமகனே, பொண்ணு பொறந்தா உனக்குத்தான். இப்பவே மூக்க ஒழுங்கா சிந்திப் பழகிக்க. எம்பொண்ணு சளிமூக்கன கட்டிக்க மாட்டா" என்பாள். நான் வெட்கத்தில் மாட்டுக் கொட்டகைக்குள் ஓடிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, பைக்கில் ஓடையைத் தாண்டி வருவார். கன்னடக்காரர். அவருக்கு என் அம்மா அக்கா, என் அம்மாவுக்கு அவர் அண்ணன். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அப்பா ஓவர்டைம் என்று கம்பெனிக்குப் போயிருந்தார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றாள். பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. அம்மா அவள் புடவையைப் பார்த்தாள். அம்மாவின் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணா, ரத்தம் போவுது. வண்டிக்குச் சொல்லுங்க!"

மாமா வாசலில் நின்றபடியே இலவச ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினார். அவர் போனும் கர்நாடகா போன், வாசலும் கர்நாடகா டவர். எடுத்தவர்கள் கன்னடத்தில் கேட்டார்கள், மாமா கன்னடத்தில் சொன்னார். எங்கே என்றதற்கு, அத்திப்பள்ளிக்குப் பக்கத்தில் என்று தன் ஊர் வழியையே சொன்னார். பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் அவர் சொல்லி வந்த வழி அதுதான். அவசரத்தில் வாய்க்கு அதுதான் வந்தது. போனை வைத்த பிறகுதான் அம்மா கேட்டாள்.

"அந்த வண்டி ஓடைக்கு அந்தாண்டதானே வந்து நிக்கும், அண்ணா?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "தொட்டிக்கு ஓடு. யாரு இருந்தாலும் சொல்லி நம்ம ஊரு வண்டிய வரச் சொல்லுடா!"

நான் ஓடினேன். தொட்டியடியில் பஞ்சர் கடை அண்ணன் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் அந்தப் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு, ஏணியில் நாலு படி மேலே ஏறி நின்று கூப்பிட்டார். ஓசூரிலிருந்து வண்டி கிளம்பியது. இறங்கினால் டவர் போய்விடும் என்பதால் அவர் ஏணியிலேயே நின்றுகொண்டார். அங்கிருந்தே கத்திக் கத்திச் சேதி சொன்னார்.

"கெளம்பிட்டாங்களாம்! ஜூஜுவாடிகிட்ட டிராபிக்காம்! ஆள நகத்தாதீங்கன்றாங்க!"

கர்நாடகா வண்டிதான் முதலில் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றியது. டிரைவர் கரையில் இறங்கி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். "ஈ கடெ கர்க்கொண்டு பன்னி!" என்று கத்தினார். இந்தப் பக்கம் கூட்டி வாருங்கள் என்கிறார்.

ஒரு பக்கம் நகத்தாதே என்கிறார்கள், இன்னொரு பக்கம் கொண்டு வா என்கிறார்கள். அத்தை கட்டிலில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குத் தெரியற வண்டிய வுட்டுட்டு எதுக்கு அக்கா காத்துக்கிட்டு இரோது? தூக்கி!" என்றார் மாமா. அவர் தமிழில் கன்னடம் கலந்தே இருக்கும்.

பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கயிற்றுக் கட்டிலோடு அத்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக ஓடைக்கு நடந்தார்கள். நான் பக்கத்திலேயே ஓடினேன். அம்மா அத்தையின் கையைப் பிடித்தபடி வந்தாள். பாதி தூரம் போயிருப்போம். பின்னால் ஊர்ப் பக்கமிருந்தும் அதே சத்தம் கேட்டது. ஏணியில் இருந்து பஞ்சர் கடை அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார்.

"வந்துடுச்சு! நம்ம வண்டி வந்துடுச்சு! திரும்புங்க!"

அம்மா நின்றுவிட்டாள். ஓடையில் கல்லுக்கு இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர் ஓடியது. கல் மேல் பாசி. அதில் கட்டிலோடு யாராவது வழுக்கினால் என்ன ஆகும்? ஊர்ப் பக்கம் தார் ரோடு, வீட்டு வாசல் வரைக்கும் வண்டி வரும். "அண்ணா, திரும்பிடலாம். அதுதான் நல்லது" என்றாள். மாமா ஒரு நிமிஷம் எதிர்க்கரையைப் பார்த்தார். பிறகு திரும்பினார். யோசித்துப் பார்த்தால், அந்த இடத்தில் யார் இருந்தாலும் திரும்பித்தான் இருப்பார்கள்.

ஆனால் தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்காகக் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். வெட்டி மாதக்கணக்காகிவிட்டது. குழாயும் வரவில்லை, மூடவும் இல்லை. 'வேலை நடைபெறுகிறது' என்ற பலகை மட்டும் சாய்ந்து நின்றது. நாங்கள் மரப்பலகை போட்டுத் தாண்டிப் பழகிவிட்டோம். இப்படி எதையாவது பழகிக்கொள்வதுதான் நம் ஊர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனம். பழகிப்போனதால், பள்ளம் இருப்பதே அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. ஏணி மேல் நின்றவர் கண்ணுக்கு வண்டியின் விளக்குத்தான் தெரிந்தது, பள்ளம் தெரியவில்லை. வண்டி அதன் விளிம்பில் வந்து நின்றது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

கட்டில் கொல்லை வரப்பிலேயே இறங்கியது. அத்தையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

ஓடைப் பக்கமிருந்து அந்த வண்டி ஆள் ஒருவர் முழங்கால் வரை நனைந்தபடி மருந்துப் பையோடு ஓடி வந்தார். பள்ளத்துப் பக்கமிருந்து ஒரு இளம்பெண் பையோடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் மண்டி போட்டார்கள். அவர் கன்னடத்தில் கேட்டார், அவள் தமிழில் பதில் சொன்னாள். ஒருவர் கேட்பதற்கு முன்னால் இன்னொருவர் கை நீட்டியது. பெண்கள் சுற்றி நின்று புடவையைப் பிடித்து மறைத்தார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

நான் வரப்பில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு வண்டி, இந்தப் பக்கம் ஒரு வண்டி, இரண்டிலும் விளக்கு சுற்றுகிறது. அமைச்சர் வந்தால்கூட நம் ஊருக்கு இப்படி வண்டி வந்ததில்லை. என் நெஞ்சு பெருமையில் விம்மியது.

மறைப்புக்குள் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா வெளியே வந்தாள். பழைய நூல்புடவையில் சுற்றிய ஒன்று அவள் கையில் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். சின்ன மூக்கு, நிறைய முடி.

"என்னாம்மா கொழந்த?"

"பொண்ணு" என்றாள் அம்மா. பிறகு, "தூங்குதுடா. சத்தம் போடாத" என்றாள்.

அதை நான் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை எல்லாம் வாயில் விரல் வைத்து அடக்கினேன். பஞ்சர் கடை அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, "இன்னா கொழந்தடா, இன்னா கொழந்த?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவரிடமும் விரலைக் காட்டி, "உஷ்! பாப்பா தூங்குது" என்றேன். அவர் என் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தையைத் தூக்கி, பள்ளத்தின் மேல் பலகை போட்டுத் தாண்டி, ஓசூர் வண்டியில் ஏற்றினார்கள். எதிர்க்கரை வண்டிக்குத் திரும்ப இடமில்லை. பின்பக்கமாகவே ரொம்ப தூரம் போனது. நான் அதற்குக் கை ஆட்டினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான்தான் ராஜா. "எங்க அத்தைக்கு ரெண்டு ஸ்டேட் வண்டியும் வந்துச்சு" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒருவன் நம்பாமல், "புளுவாதடா" என்றான். அவனோடு சண்டை போட்டேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தூங்குது டீச்சர். ரொம்ப சமத்து. பொறந்தப்பகூட அழல" என்றேன்.

டீச்சர் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

குழந்தை எங்கே என்று வீட்டில் கேட்டபோது, சாமிகிட்டப் போய்விட்டது என்றார் அப்பா. அது எனக்கு ஒரு சேதி மாதிரிதான் இருந்தது. அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு மாமாவின் பைக்கில் ஓடையைத் தாண்டிப் போனாள். தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு அனுப்பும்போது செய்யும் முறை எதுவும் செய்யவில்லை. போகும்போது என் தலையைத் தடவி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ஒழுங்கா படி" என்றாள். அதற்குப் பிறகு எப்போதும் பேர்தான். நான் என்ன தப்பு செய்தேன், அத்தைக்கு ஏன் என் மேல் கோபம் என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

பிறகு வளர்ந்து, வேலைக்கு வந்து, எல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியவளே, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே நீ வீறிட்டு அழுதாய். என்ன அழுகை! அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். உன் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குழந்தை பிறந்ததும் அந்த இடத்தில் கேட்க வேண்டிய சத்தம் இதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கொல்லையில் நின்ற அத்தனை பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இதற்காகத்தான் காத்திருந்தார்கள். நான் அவர்கள் நடுவில் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

உன்னையும் உன் அம்மாவையும் வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முந்தின நாள், துணி எடுக்க நான் மட்டும் வந்தேன். நம் வாடகை வீட்டுத் தெருமுனையில் கேபிளுக்காக வெட்டிய பள்ளம் திறந்தே கிடந்தது. எத்தனையோ நாள் அதன் ஓரமாக வண்டியை ஓட்டி ஓட்டி எனக்கும் பழகித்தான் போயிருந்தது. பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கினேன். ஓரத்தில் குவிந்து கிடந்த மண்ணைத் தள்ளி, கல்லைப் போட்டு, காலால் மிதித்து மிதித்து இறுக்கினேன். முழுப் பள்ளத்தையும் மூட என்னால் ஆகவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் போகிற அகலத்துக்கு மூடினேன்.