அம்மாவுக்கு மட்டும் இரண்டு நாள்

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் நம் நண்பருக்கு உலகத்துத் தூரமெல்லாம் நாக்கு நுனியில். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகள் ஊருக்குப் போக ஆசைப்பட்ட தன் அம்மாவிடம் மட்டும், "மூணு ஃபிளைட் மாறணும்மா, ரெண்டு நாளாகும், உன் முழங்கால் தாங்காது" என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்தார். அம்மா ஊருக்குப் போய்விட்டால் நண்பரின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

நேற்று ஒரு வாடிக்கையாளர் அதே ஊருக்கு டிக்கெட் கேட்டார்.

"ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் சார். நேரா ஒன்பதரை மணி நேரம். ஒரு தூக்கம் போட்டா இறங்கிடலாம்" என்றார் நண்பர், வாயெல்லாம் பல்லாக.

பின்னால் சாப்பாட்டுப் பையுடன் அம்மா நின்றிருந்தார்.

"ஏன்டா, எனக்கு மட்டும் ஃபிளைட் நடந்து போகுமா?"

நண்பரின் காது மடல் வரை சுட்டது. தலை நிமிராமல் கணினியில் அம்மாவின் பெயரைத் தட்டினார்.

"திரும்பி வர்ற டிக்கெட் இப்ப வேணாம்" என்றார் அம்மா.