ஒன்றே கால் காட்டிய கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது இனாயத்தின் வேலை. பெங்களூருக்குக் குடிபோகும் அன்றும் வந்து துடைத்தார். பகல் ஒரு மணிக்கு வண்டி. கட்டிய மூட்டைகளோடு மனைவி குல்சும் ஜட்காவில் வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

பத்ரிநாராயணனின் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் எழும்பூர் ஸ்டேஷன் அலமாரிக்கடியில் இருந்தது, சைதாப்பேட்டை ஜன்னலோரம். நடுவே ஒற்றைப் பாதை, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்கள் இரண்டு. இனாயத்துக்கு லஸ் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. பதினோரு வருஷத்துக்கு முன் பத்ரியின் கைக்கடிகாரத்தைக் கொடுக்க வந்தவர், ரயில்வே குமாஸ்தாவான அவர் தரையில் மண்டியிட்டு ரயில் ஓட்டுவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு டிராயிங் மாஸ்டர் வடிவேலுவும் சேர்ந்தார்.

எதிரெதிரே வந்து மோதாமலிருக்க, பித்தளை வளையம் கைக்கு வராமல் எந்த வண்டியும் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பக்கூடாது. ஒரு நாளின் வண்டிகளையெல்லாம் ஒரு காலைக்குள் ஓட்டி முடிப்பதற்காக, பத்து நிமிஷத்தில் ஒரு மணி நேரம் ஓடும் சுவர்க் கடிகாரத்தை இனாயத்தே செய்து மாட்டியிருந்தார்.

"இன்னா பாய், வளையத்த பைல போட்டுக்கினு பெங்களூர் பூடுவியா? என் கூட்ஸ் எவ்ளோ நேரம் நிக்கும்?" என்றார் வடிவேலு.

"மெயில் வரட்டும் வாத்தியாரே. உன் கூட்ஸுல இன்னா, வெங்காயந்தான கீது."

அப்போதுதான் குல்சும் வந்து கதவருகே நின்றாள். ஐப்பசி மூட்டத்தில் வெளியே காலையா பகலா என்று தெரியவில்லை. வீட்டுக் கடிகாரங்களெல்லாம் பெட்டிக்குள். அவள் கண் நேரே சுவருக்குப் போனது. ஒன்றே கால்.

"வண்டி பூட்ச்சா?" என்றாள். சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள். "சரி, போவட்டும் வுடுங்க. பையனுக்கு ஒரு கார்டு போட்டுக்கலாம். ஊட்டு சாவி கூட இன்னும் எங்கைலதான் கீது."

மூன்று மாதமாகப் பெங்களூர் என்று நச்சரித்தவள் அவள்தான். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி, மகனுக்குத் துணை வேண்டும் என்பாள். அவளுக்காகத்தான் இனாயத் கடையைக் கைமாற்றிவிட்டிருந்தார். இப்போது பத்ரியின் மனைவி ஜெயலக்ஷ்மி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு, "உங்காத்து மோருக்குன்னே இருந்துடலாம்மா" என்று ஜெயலக்ஷ்மியைப்போலவே பேசிச் சிரித்தாள்.

பத்ரி இனாயத்தைப் பார்த்தார். "பாய், நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தேள்னா, நாங்களும் சொல்லலே" என்றார் தணிந்த குரலில்.

முள் ஒன்றரையைத் தாண்டியது. சரியான நேரம் வைக்காமல் ஒரு கடிகாரத்தையும் இனாயத் கடையை விட்டு அனுப்பியதில்லை. எழுந்துபோய்ப் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"இது நம்ம ரயிலுக்கு ஓட்ற கடியாரம், குல்சும். நெஜத்துல பதினொண்ணே காலுதான். வண்டிக்கு நெறைய நேரம் கீது."

குல்சும் டம்ளரைக் கீழே வைத்தாள். முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு அங்க போவ இஷ்டந்தானா?" என்றாள்.

இனாயத் வளையத்தை வடிவேலுவின் உள்ளங்கையில் வைத்தார். தண்டவாளத்தை மிதிக்காமல் தாண்டி, செருப்பைத் தேடி வாசல் பக்கம் போனார்.