இரண்டு தட்டு

இதில் ஒரு வரிகூட நான் ஜோடித்துச் சொல்லவில்லை. தேதி, கிழமை, மணி எல்லாமே தருகிறேன். 1968, நவம்பர் 7, வியாழக்கிழமை, மாலை ஐந்து இருபது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நீங்கள் யாரும் நம்பாமல் போனால் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூடக் கிடைக்கும்.

இங்கிலாந்தில் ஓல்டம் பக்கம், நூல் மில்லை ஒட்டி எங்கள் தெரு. சுவரோடு சுவர் நெருக்கிக் கட்டிய லைன் வீடுகள். நான் இருந்தது பதினாலாம் நம்பர். எங்கள் வரிசையில் இரட்டைப்படை எண்கள் மட்டும்தான், அதனால் பக்கத்தில் பதினாறு, அதுதான் வரிசையின் கடைசி வீடு. அது பெர்த்தா ஆண்ட்டியுடையது. சொந்த ஆண்ட்டி இல்லை. எங்கள் தெருவில் வயதான பெண்கள் எல்லாருமே எல்லாருக்கும் ஆண்ட்டிதான்.

இப்போது வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தத் தெரு மாதிரி வருமா" என்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன உருக்கம்? சுவரெல்லாம் ஈரம். கக்கூஸ் பின்முற்றத்துக் கோடியில். எலிகள் எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டன. மில் சங்கு ஊதினால் பாதித் தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டும். ஆனால் ஒன்று இருந்தது. அதை மட்டும் அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. தட்டினால் ஆள் வரும்.

எங்கள் வீட்டுக் கணப்பும் ஆண்ட்டி வீட்டுக் கணப்பும் ஒரே சுவரில், முதுகோடு முதுகு. நெருப்புக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு இருக்கும். கிளறுகிற கம்பியால் அதில் மூன்று முறை தட்டினால், உடனே வா என்று அர்த்தம். பதிலுக்கு இரண்டு தட்டு கேட்டால், வருகிறேன் என்று அர்த்தம். இரண்டு கேட்ட பிறகு மறுபடி தட்டக் கூடாது, கத்தவும் கூடாது. இரண்டு தட்டியவள் வந்தே தீர வேண்டும், ரொட்டி கருகினாலும் சரி, புருஷன் பட்டினி கிடந்தாலும் சரி.

1951-ல் என் மகள் மாவிஸ் வயிற்றில் ஏழு மாதம். மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். வீட்டில் யாரும் இல்லை. இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. கணப்புவரை ஊர்ந்து போய் மூன்று தட்டினேன். இரண்டு கேட்டது. நான் இருபது எண்ணுவதற்குள் ஆண்ட்டி என் தலைமாட்டில் நின்றார், கை முழுக்க மாவு, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"அசையாதடி. அப்படியே கிட. அதான் வந்துட்டேன்ல."

அசையாமல் கிடந்ததால்தான் தாயும் பிள்ளையும் பிழைத்தோம் என்று டாக்டர் சொன்னார். ஆண்ட்டி அதைப் பிடித்துக்கொண்டார். தெருவுக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் அதுதான் முதல் பாடம். "ரெண்டு கேட்டுச்சா? கிடந்த இடத்துல கிட. ஆள் வரும்."

அறுபத்தெட்டில் தெருவை இடிக்கப் போவதாக நகரசபை எழுதிவிட்டது. செப்டம்பர் 28, சனிக்கிழமை, நாங்கள் அடுக்குமாடிக்குப் போனோம். ஒன்பதாம் மாடி. குழாயில் வெந்நீர், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். கணப்பு கிடையாது. தெருவே காலியானது, ஆண்ட்டி மட்டும் அசையவில்லை. வயது எழுபத்தாறு.

"ஒன்பதாம் மாடில நான் யார் சுவத்தைத் தட்டுவேன்? அந்தப் பக்கம் புறாதான் இருக்கும்," என்றார்.

"வியாழக்கிழமை தோறும் வந்துடறேன் ஆண்ட்டி. சத்தியமா."

"வருவ, வருவ. லிஃப்ட்ல ஏறி இறங்கி அலுத்ததும் வருவ."

நான் போகவில்லை. முதல் வியாழன் திரைச்சீலை தைத்தேன். அடுத்த வியாழன் சளி. மூன்றாவது வியாழன் ஒரு காரணமும் இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. என் புருஷன் ஹெர்பர்ட் புது டிவி வாங்கி வந்திருந்தான், அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான்காவது, ஐந்தாவது வியாழன்களில் போக வெட்கமாக இருந்தது.

ஆறாவது வியாழன்தான் நவம்பர் 7. இஞ்சிக் கேக் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஐந்து. பனியும் புகையும் கலந்து, நீட்டிய கை தெரியவில்லை. தெருவிளக்குகளைப் பிடுங்கியிருந்தார்கள். கால் பழக்கத்தில் பின்சந்து வழியாகவே நடந்தேன்.

நேரே ஆண்ட்டியின் கதவுக்குப் போக முகம் இல்லை. ஐந்து வாரத் திட்டு காத்திருக்கும். ஒரு யோசனை வந்தது. பழைய மாதிரி என் கணப்பிலிருந்தே தட்டுவோம். கிழவி திகைத்துச் சிரித்துவிட்டால் திட்டு பாதியாகும் என்று நினைத்தேன்.

பதினாலின் பின்கதவு தள்ளியதும் திறந்தது. ஜன்னல்களில் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. தீக்குச்சி உரசி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பன்னிரண்டு. கம்பி அதே ஆணியில் தொங்கியது. புது வீட்டில் அதற்கு வேலை இல்லை என்று நான்தான் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

கணப்பின் முன் மண்டியிட்டேன். பின்தகட்டில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

சரிதான், அந்தப் பக்கம் ஆண்ட்டி நெருப்பு மூட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. ஆண்ட்டியின் இருமல் கேட்டது. நாற்காலியை இழுக்கும் சத்தமும் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறு வாரமாக நான் ஏங்கியது இந்தச் சத்தத்துக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டுவதற்குக் கம்பியை எடுத்தேன்.

தொம்...

கனமாக ஏதோ விழுந்தது. சுவர் அதிர்ந்து என் தலையில் கரி உதிர்ந்தது.

அப்புறம் சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை.

"ஆண்ட்டி?"

 தரையில் துணி உரசுவது போல ஒன்று... மெதுவாக... சுவரை நோக்கி வந்தது.

டங்... டங்... டங்.

மூன்று. பலமில்லாத மூன்று.

என் கை தானாகவே தட்டியது. டங், டங்.

சுவருக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக, ஒரு நீண்ட மூச்சு.

"அப்பாடா..."

எழுந்து ஓடினேன். எங்கள் முற்றத்தைத் தாண்டி, சந்தைத் தாண்டி, பதினாறின் பின்வாசலுக்கு. ஓடும்போது இன்னொரு குச்சி உரசினேன். ஐந்து இருபது. கதவின் கொக்கி பனியில் நனைந்திருந்தது. நீக்கினேன். முற்றத்துக்குள் நுழைந்தேன்.

நான்கு அடி வைத்தேன்.

கால் செங்கல் குவியலில் இடறியது.

வீடு இல்லை.

கூரை, கதவு, முன்சுவர் எதுவும் இல்லை. செங்கற்களும் வானமும்தான். என் வீட்டை ஒட்டிய சுவர் மட்டும் நின்றது. அதில் ஆண்ட்டியின் ரோஜாப்பூ சுவர்த்தாள் கிழிந்து ஆடியது. அதன் நடுவே, திறந்த வெளியில், ஆண்ட்டியின் கணப்பு.

போய்த் தொட்டேன். சில்லென்று இருந்தது. திட்டுத் திட்டாக மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

பின்தகட்டிலிருந்து கொஞ்சம் கரி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

கேக்கை எங்கே போட்டேன் என்று தெரியாது. தெருமுனையில் வறுத்த மீன் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கே போய் விழுந்தேன். கரிக்காரர் வில்ஃப் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். இருபது வருஷமாக எங்கள் தெருவுக்குக் கரி போட்டவர்.

"என்ன நோரா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கற?"

"ஆண்ட்டி எங்க, வில்ஃப்?"

அவர் சிப்ஸைக் கீழே வைத்தார். "உனக்கு யாரும் சொல்லலையா? கிழவி போய் மூணு வாரமாச்சு. வீட்டைத் திங்கக்கிழமைதான் இடிச்சாங்க."

"எப்படி?"

"விழுந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை காலைல கரி போடப் போனேன். கணப்புக்கிட்டக் கிடந்துச்சு, கையில கம்பியோட. ராத்திரி பூரா குளிர்ல கிடந்திருக்கு. நெருப்பு எப்பவோ அணைஞ்சுபோச்சு. ஆனா அப்பவும் உசுரு இருந்துச்சு, பேசிச்சு."

"என்ன பேசினாங்க?"

"எனக்குத்தான் அழுகையா வந்துச்சு நோரா. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அந்த ஜன்னலுக்கு வெளியதான் வண்டியை நிறுத்தி சிகரெட் பிடிச்சேன். ஒரு குரல் குடுத்திருந்தா போதும். கதவுகூடப் பூட்டல. 'ஏன் ஆண்ட்டி கூப்பிடல'ன்னு கேட்டேன். 'எதுக்குடா ஊரைக் கூட்டணும்'னுச்சு. 'அஞ்சு இருபதுக்குத் தட்டினேன். நோரா ரெண்டு தட்டிட்டா. வந்துக்கிட்டிருக்கா'ன்னுச்சு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பாவம், புத்தி பேதலிச்சுப்போச்சு. பதினாலுதான் காலியாக் கிடந்துச்சே. 'நோரா இங்க இல்ல ஆண்ட்டி'ன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'நான் அசையக் கூடாதுடா, அவ செருப்பு மாட்டிக்கிட்டிருப்பா'ன்னுச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லல, அது நிஜம்."

"அவங்க விழுந்தது என்ன தேதி?"

"அக்டோபர் பதினேழு. வியாழக்கிழமை."

மூன்றாவது வியாழன். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்த வியாழன்.

அன்று காலியான வீட்டிலிருந்து ஆண்ட்டி கேட்ட இரண்டு தட்டும் என் கையால் தட்டியவை. மூன்று வாரம் கழித்து, நவம்பர் ஏழாம் தேதி நான் தட்டியவை. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அன்று தட்டாமல் இருந்திருந்தால் அவர் ஒரு குரல் கொடுத்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே வில்ஃப் நின்றிருந்தார்.

பாதிரியாரிடம் சொன்னேன். பிரார்த்தனை செய்யச் சொன்னார். ஹெர்பர்ட்டிடம் சொன்னேன். பஸ் களைப்பு என்றான். ஒன்பதாம் மாடியில் இருபது வருஷம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. இந்தச் சுவரில் யாரும் தட்டியதில்லை. ஆண்ட்டியும் தட்டவில்லை. தட்ட மாட்டார். அவருக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே.

அந்தத் தெரு இருந்த எண்பது வருஷத்தில், இரண்டு தட்டு தட்டிவிட்டு வராமல் போனவள் நான் ஒருத்திதான்.