மூன்றாம் வகுப்புக்குத் தெரிந்த சங்கதி

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பேசும் பேச்சில் கால்வாசியை வீட்டில் பேசியிருந்தால், ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள். எனக்கு உயர்நிலைப் பள்ளி, அவருக்கு நாலு தெரு தள்ளி ஆரம்பப் பள்ளி. அவருடைய பிள்ளைகளுக்கு நம் பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. 'குதி' என்றால் குதித்துக் காட்ட வேண்டும். 'யானை' என்றால் கையைத் தும்பிக்கையாக்கி வகுப்பைச் சுற்றி வர வேண்டும். ஐம்பது வயதில் இந்தக் கூத்தை நாளெல்லாம் ஆடிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றி வாசலில் வைத்துவிடுவார்.

பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டில் அடுப்புக்கு எதிரிலேயே சாப்பாட்டு மேசை. நான் தாளித்துக்கொண்டே என் வகுப்புப் பையன்களின் அட்டூழியத்தைச் சொல்வேன். அவர் 'ம்' என்பார். பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனாலும் குப்பை வாளியும் கையுமாக நின்று என்னிடம் அவரைவிட அவள்தான் அதிகம் பேசினாள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. "என்னால இன்னொரு வருஷம் முடியாது. நான் ஊருக்குப் போறேன், நீங்க வேணும்னா இருங்க," என்றேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்திருக்கும்.

"உன் இஷ்டம்," என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இரண்டே வார்த்தையா?

அடுத்த வாரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தக் கத்தலுக்குக் கட்டாமல் என்ன செய்யும்? என் பள்ளியில் பரீட்சை முடிந்திருந்தது. அதனால் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி அவர் பள்ளித் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சார் கற்றுக்கொடுத்த வாக்கியங்களைச் சொல்லுங்கள் என்று சைகையும் இங்கிலீஷுமாகக் கேட்டேன். ஒரு குண்டுப் பையன் எழுந்து, அச்சு அசலாக அவரைப் போலவே விரலை ஆட்டி, இங்கிலீஷில் சொன்னான்: "என் மனைவிக்குப் பல்லி என்றால் பயம்." உடனே பத்துப் பேர் நாற்காலிமேல் ஏறி நின்று அலறிக் காட்டினார்கள். "என் மனைவி குளிக்கும்போது பாடுவாள்." "என் மனைவி டீயை ஆற வைத்துவிட்டு மறந்துபோவாள்." "மாடிப்படி ஏறினால் என் மனைவிக்கு இடது முட்டி வலிக்கும்."

முட்டி வலியை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

இருந்தாலும் மானம் போயிற்று. பள்ளிக்கூடம் முழுக்க என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கிறது. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே, "புதுசா ஏதாவது படிச்சீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை. "என் மனைவி ஊருக்குப் போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது," என்றாள். அவர் எப்படிச் செய்து காட்டினாரோ அப்படியே செய்தும் காட்டினாள். நாற்காலிமேல் ஏறவில்லை, அலறவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சும்மா நின்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அவர் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். வகுப்பு எப்படி என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

"நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க," என்றேன். "கடைசிப் பாடம் வரைக்கும் ஒப்பிச்சாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் போகலை. ஆனா ஒண்ணு, மூணாம் வகுப்புக்கு எடுக்கற மாதிரி எனக்கும் தினம் ஒரு பீரியடு எடுக்கணும்."

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். பிறகு, அந்தக் கட்டிப்போன தொண்டையிலிருந்து வலிக்க வலிக்கக் குரலை வரவழைத்து, "முட்டி எப்படி இருக்கு?" என்றார்.