சித்தி படித்த வடிவியல்

ஜொகூர் பாரு புத்தகக் கடையில், விடுமுறையில் படிக்கலாம் என்று அடுக்கியிருந்த கதைப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு வடிவியல் புத்தகம் இருந்தது. திறந்ததும் அச்சு மை வாசம் அடித்தது. சிறுவயதில், பத்து பாகாட் ஊரில் இருந்த எங்கள் வீட்டில் எல்லோரும் உறைந்துபோன அந்தச் சாயங்காலம் அப்படியே நினைவுக்கு வந்தது.

அன்று அம்மாவின் தங்கை, துணி ஆலையில் வேலை செய்த விமலா சித்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். "ஓய்வு நேரத்துல என்னம்மா படிப்ப?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். சித்தி உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்த வடிவியல் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"அலமாக்!" என்று வியந்தார் அந்த அம்மா. "பரீட்சைக்கா?"

"இல்லங்க ஆன்ட்டி, ஆசைக்குத்தான். ஒரு முக்கோணத்தோட புதிர் அவிழ்ந்துட்டா அன்னிக்கு நல்லா தூக்கம் வரும்."

மாப்பிள்ளை சிரித்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வேணாம் லா."

"அப்ப கல்யாணமும் வேணாங்க," என்றாள் சித்தி.

என் கையிலிருந்த பலகாரத் தட்டு சரிந்தது. பெரியவர்கள் முன்னால் ஒரு பெண் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வந்தவர்கள் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்கள். அம்மா அழ ஆரம்பித்தாள். தாத்தா புத்தகத்தைப் பிடுங்கினார். கிழித்துவிடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிழியும் சத்தமே வரவில்லை.

"கல்யாணத்தையே வேணாங்கற அளவுக்கு இதுல அப்படி என்னதான்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார் தாத்தா.

கடையில் அந்த வடிவியல் புத்தகத்தைக் கல்லாவில் வைத்தேன். "பிள்ளைக்கா அக்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"இல்லம்மா, எனக்குத்தான்."