அழகமுத்து உபதேசியார் பிரசங்கிக்காத ஊர்

என் அண்ணன் அழகமுத்துவின் அடக்க ஆராதனையில் அவரைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்றை வாசித்தார்கள். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, பலாபத்வலைக்கு மேலே உள்ள கொக்கோத் தோட்டத்தில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தது எல்லாம் அதில் இருந்தன. நடுவில், 1961இல் இந்தியாவுக்குச் சென்று ஊழியம் செய்தார் என்று ஒரு வரி. அந்தப் பயணத்தில் நானும் இருந்தேன். அந்த ஒரு வரியோடு அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வார ஊழியம். போதகர், அண்ணன், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆசிரியையான நான், எனக்குத் துணையாகப் போதகரின் மனைவி. எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது. போய்த் திரும்பி வர அனுமதி வாங்குவதற்காகப் போதகர் கொழும்புக்கு எத்தனையோ முறை அலைந்தார். அவர் நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசைதான்.

"அந்தப் பக்கத்து மண்ணுல நின்னு ஒரு பிரசங்கம் பண்ணணும் பிள்ள. எங்கள கப்பல் ஏத்தி அனுப்புன மண்ணு. ஒண்ணு போதும்" என்று தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்தபோது சொன்னார்.

போதகரும் சம்மதித்திருந்தார். திருச்சிப் பக்கம் கடைசியாகப் போகும் கிராமத்தில், இரண்டாம் நாள் மாலை, அண்ணனின் முறை.

அந்தக் கிராமம் பொட்டல் வெளியில் இருந்தது. ஓட்டுக்கூரை போட்ட வேதக்கோயில், அதையொட்டி மேலத்தெரு. முதல் நாள் மாலை கூட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே வந்தார்கள். மணி உடைந்து டவுனுக்கு அனுப்பியிருப்பதால் கூட்டம் தொடங்குவது யாருக்கும் தெரியவில்லை என்று சபை மூப்பர் வருத்தப்பட்டார். தம் முறை வரும் நாளிலும் இப்படி ஆகிவிடுமோ என்று அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது.

எங்கள் தோட்டத்தில் ஆட்களை எழுப்பி வேலைக்குக் கூப்பிடுவது தப்பு என்கிற பறையின் சத்தம்தான். விடியுமுன் லயத்து வீட்டு வாசலில் அது கேட்டால், கங்காணி முதல் காய் பறிக்கிற பிள்ளை வரை எல்லாரும் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் சாதி இல்லாமல் இல்லை. கல்யாணம் பேசும்போது எல்லாம் வெளியே வரும். ஆனால் தப்பைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தப்பை அண்ணன் வாங்கி, அடியை மட்டும் மாற்றி, ஜெபக்கூட்டத்துக்கு அடிப்பார்.

ஆகவே அந்த இரண்டாம் நாள் பிற்பகல், அவர் கிராமத்தின் கடைசித் தெருவுக்குப் போய் மாடசாமி என்பவரிடம் தப்பு கேட்டிருக்கிறார்.

"சாமி, நீங்களா அடிக்கப் போறீங்க? வேணாஞ் சாமி."

"எங்க ஊர்ல நான்தாண்ணே அடிப்பேன். நல்லா அடிப்பேன், பாருங்க."

மாடசாமி சிரித்துக்கொண்டே வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றிக் கொடுத்தார். அண்ணன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலத்தெருவுக்குள் அடித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

வீடுகளிலிருந்து ஆட்கள் திபுதிபுவென்று வெளியே வந்தார்கள். "யாருப்பா செத்தது?" என்று ஒரு பெண் கேட்டாள். நோயில் கிடந்த மாமனார் இருக்கிறாரா என்று பார்க்க இன்னொருத்தி உள்ளே ஓடினாள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "போனது யாருடி?" என்று அவளையே கேட்டாராம். அந்த ஊரில் சாவுக்கு மட்டுந்தான் அந்தச் சத்தம் மேலத்தெருவுக்குள் வரும். அதுவும் கடைசித் தெரு ஆட்கள் அடித்துத்தான் வரும்.

கோயில் வாசலில் மூப்பர் நின்றார். முகம் சிவந்திருந்தது. "உபதேசியாரே, நீங்க என்ன ஆளுங்க?"

"தோட்டத்து ஆளுங்க."

"அதக் கேக்கல. சாதி என்னன்னு கேக்குறேன்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. நாங்கள் அந்தச் சாதி இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மூப்பர் போதகரைத் தனியே அழைத்துப் பேசினார். போதகர் திரும்பி வந்து, "அழகமுத்து, ஒரு வார்த்தைதான். 'தெரியாம அடிச்சிட்டேன், நான் அந்த ஆளு இல்ல'ன்னு கோயில்ல சொல்லிட்டு பிரசங்கத்த ஆரம்பி. பொய் சொல்லச் சொல்லலியே. உள்ளதத்தானே சொல்லச் சொல்றேன்" என்றார்.

மாடசாமி தப்பைத் திரும்ப வாங்கிப் போக வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. "சொல்லிருங்க சாமி. எங்களுக்கு இதெல்லாம் பழகுனதுதான்" என்று அவரும் சொன்னார்.

அண்ணன் தப்பைக் கழற்றி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். பிறகு போதகரைப் பார்த்து, "நீங்களே பேசுங்க ஐயா" என்றார்.

அன்று கோயில் நிறைந்திருந்தது. கோபத்தில் பாதி, வேடிக்கை பார்க்கப் பாதி என்று மேலத்தெரு முழுவதும் வந்துவிட்டது. கடைசித் தெரு ஆட்களும் வந்தார்கள். அவர்கள் வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். அண்ணன் அவர்களோடு போய் நின்றுகொண்டார். மாடசாமியின் மனைவி ஒரு சாக்கை உதறி விரித்தாள், எல்லாரும் உட்கார்ந்தார்கள். உள்ளே நான் பாட்டைத் தொடங்கியபோது வெளியிலிருந்து அண்ணனின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

திரும்பும் கப்பலில் நான் கேட்டேன். "எவ்வளவு ஆசையா இருந்தீங்க அண்ணே. ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான் பிள்ள. தப்பு குடுத்த அந்தாளு முன்னால அதச் சொல்லிட்டு, அப்புறம் வேதத்தத் தொறந்து என்னத்தப் பேசுறது?"

அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். கடல் காற்றில் எல்லாருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் போதகர் எங்கள் லயத்துக்கு வந்தார். இன்னொரு குழு கிளம்புகிறது, அண்ணனும் வர வேண்டும் என்றார். "இந்தத் தடவ வேற ஊர் அழகமுத்து. பிரசங்கம் நிச்சயம் உனக்குத்தான்."

அண்ணன் முகத்தில் அந்தப் பழைய ஆசை வந்துபோனதை நான் பார்த்தேன். "அங்கயும் ஜன்னலுக்கு வெளிய ஆள் நிப்பாங்களா ஐயா?" என்று கேட்டார்.

போதகர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நிப்பாங்க" என்றார். "அத மாத்துறது நம்ம கையில இல்லப்பா."

"அப்ப நான் வரல ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை. போதகருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, பாதை வழுக்கும் என்று சொல்லி, தார் ரோடு வரை கூடவே நடந்து போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் கடல் தாண்டவில்லை.